அத்தியாயம் 7: சாலை வரும், எந்த வருடம்?

படப்பை தாண்டி ஒரு மனைப்பிரிவு. வாசலில் சிமெண்ட் வளைவு, வளைவுக்குள் ஷாமியானா, ஷாமியானாவுக்குள் ஸ்டாண்டில் நிறுத்திய வரைபடம். மனைகள் மஞ்சளில், பூங்கா பச்சையில். மேல் மூலையில் மட்டும் தடித்த சிவப்புக் கோடு ஒன்று. அது அச்சில் வந்ததல்ல, பிறகு ஸ்கெட்ச் பேனாவால் இழுத்தது. "அதான் சார் புது ரோடு. அது வந்துட்டா இந்த இடத்தை நீங்க கிட்ட நெருங்க முடியாது" என்றார் புரோக்கர். எந்த வருடம் வரும் என்று கேட்டேன். "எலெக்‌ஷனுக்குள்ள வந்துரும் சார்." எந்த எலெக்‌ஷன் என்று அவரும் சொல்லவில்லை, பக்கத்தில் அட்வான்ஸ் செக் எழுதிக்கொண்டிருந்த தம்பதியும் கேட்கவில்லை.

மனை பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் "ரோடு வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். உடனே செய்தித்தாளில் வெட்டிய துண்டு ஒன்று கைக்கு வரும். பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது. சென்னையைச் சுற்றி அறிவித்த சாலைகளில் பலவும் ரயில்களில் பலவும் என்றாவது ஒருநாள் வந்து சேர்ந்திருக்கின்றன. பணம் போவது அந்த 'என்றாவது ஒருநாளில்'. ஆறு வருடத்தில் வரும் என்று நம்பி விலை கொடுத்த இடத்துக்குப் பதினாறாம் வருடம் சாலை வந்தால், சாலை வந்தும் நஷ்டம். ஆகவே விலை எவ்வளவு ஏறும் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. வருடத்தை எப்படிக் கணிப்பது, கணிப்பு தப்பினாலும் தாங்குகிற விலை எது, சாலைக்கு முன்னால் தண்ணீர் வந்துவிடுமா, இவ்வளவுதான்.

திசை தெரிந்ததுதான்

ஊர் எந்தப் பக்கம் வளரும் என்பதைச் சொல்ல ஜோசியம் வேண்டாம். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் நங்கநல்லூரும் குரோம்பேட்டையும் நிரம்பியது அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான். 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. 2008-ல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை பழைய மாமல்லபுரம் சாலை அகலமானது. பெருங்குடி, சோழிங்கநல்லூர், நாவலூர் என்று வரிசையாகக் கிரேன்கள் நின்றன.

மக்கள்தொகையும் அதையே சொல்கிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னை மாவட்டம் வளர்ந்தது 7 விழுக்காடு. அதே பத்து வருடத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறக்குறைய 39 விழுக்காடும் திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் வளர்ந்தன. நடுவில் இடமில்லாமல் ஜனம் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்கவில்லை; அடுத்தது 2027-ல்தான். எனவே விளம்பரத் தாளில் இன்றைய மக்கள்தொகை என்று எந்த எண்ணைப் பார்த்தாலும் அது யாரோ நீட்டிப் போட்ட கோடு என்பது ஞாபகம் இருக்கட்டும். 2008-ல் வெளியான இரண்டாவது மாஸ்டர் பிளான்கூட 2026-க்கு 125 லட்சத்துச் சொச்சம் பேர் என்று அப்படி நீட்டிப் போட்டதுதான்.

இன்னொரு கோடு எல்லைக் கோடு. 2022-ல் ஓர் அரசாணை சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கியது. மறுநாளிலிருந்து அரக்கோணம் பக்கத்து வயல்கூட 'சி.எம்.டி.ஏ. லிமிட்' ஆகிவிட்டது. அனுமதி எந்த அலுவலகத்தில் வாங்குவது என்பதைத்தான் இந்தக் கோடு மாற்றும். பஸ்ஸைக் கொண்டுவராது.

பத்திரிகையில் போட்ட முகூர்த்தம்

கல்யாணப் பத்திரிகையில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம், பதினொரு மணிக்குப் பந்தி என்று இருக்கும். நீங்கள் பன்னிரண்டரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பத்திரிகையை நம்புவீர்களா, அந்த உறவில் இதற்கு முன் நடந்த நாலு கல்யாணத்தில் இலை எப்போது போட்டார்கள் என்று நினைத்துப் பார்ப்பீர்களா? திட்டங்களையும் அப்படித்தான் கணிக்க வேண்டும். திட்டத்துக்குள் புகுந்து அதன் அட்டவணையைப் படித்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். வெளியே வந்து, இதே மாதிரித் திட்டங்கள் இதே ஊரில் எத்தனை வருடம் எடுத்தன என்று பார்த்தால்தான் உண்மை எட்டும்.

டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளுவ்பியர் இதையே தொழிலாகச் செய்தவர். 14 நாடுகளில் 210 ரயில், சாலைத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, எத்தனை பேர் பயணிப்பார்கள் என்று முன்பு சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2005-ல் அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள். ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் கணிப்பு மிகை. சராசரியாகப் பார்த்தால் சொன்னதில் பாதிப் பேர்தான் வந்தார்கள். சாலைகளில் மிகையும் குறைவும் கலந்திருந்தன. ஆனாலும் பாதிச் சாலைகளில் கணிப்பு 20 விழுக்காட்டுக்கு மேல் தவறியது. படித்தவர்கள், கணினி வைத்திருந்தவர்கள், கோடிக்கணக்கில் கட்டணம் வாங்கியவர்கள் போட்ட கணக்கு இது. ஷாமியானாவுக்குள் சொன்ன தேதியை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கல்யாணங்களைப் பார்ப்போம்.

பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரை ஓடியது 1997-ல். வேளச்சேரிக்குப் போனது 2007 நவம்பரில். அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது. தூண்கள் எழுந்தன, மேலே பாலமும் உட்கார்ந்தது. ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு வந்து எல்லாம் நின்றது. அடுத்த வருடம் ரயில் என்று நம்பி அன்று அங்கே வீடு வாங்கியவரின் பிள்ளை எல்.கே.ஜி.யில் சேர்ந்திருந்தால், அவன் கல்லூரிக்குப் போகும்போதும் ரயில் வரவில்லை. ஐந்து கிலோமீட்டரில் நாலரை முடிந்திருப்பது என்பது தொண்ணூறு விழுக்காடு வேலை. பயணிக்கு அது பூஜ்யம்.

துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் மறிக்கின்றன என்று 2012-ல் வேலை நிறுத்தப்பட்டது. பத்து வருடத்துக்கு மேல் அந்தத் தூண்கள் கம்பி நீட்டிக்கொண்டு ஆற்றில் நின்றதை ரயிலிலும் பஸ்ஸிலும் போகிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2022 மே மாதம் இரண்டடுக்குச் சாலையாக மாற்றி, பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். அடிக்கல்லைப் பார்த்து மனை வாங்கக் கூடாது என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் அந்தத் தூண்களின் போட்டோவைக் காட்டிவிடுகிறேன்.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை 2018-ல் அறிவிக்கப்பட்டது, 277 கிலோமீட்டர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. "கேஸ் ஜெயிச்சாச்சு" என்று அன்று விலை ஏற்றியவர்கள் உண்டு. தீர்ப்பு வந்தது, தார் வரவில்லை.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இவற்றோடு ஒப்பிட்டால் நல்ல பிள்ளை. ஆனால் அதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வண்டலூர்–நெமிலிச்சேரி 2014-ல் திறந்தது, மீஞ்சூர் வரை முழுதாய் ஆனது 2021-ல். ஒரே சாலை, தெற்கே வாங்கியவருக்கும் வடக்கே வாங்கியவருக்கும் ஏழு வருட வட்டி வித்தியாசம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு 2019-ல் அடிக்கல், 2023 டிசம்பர் 30-ல் திறப்பு. இந்த ஊருக்கு அது வேகம்தான். ஆனால் திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பெட்டியோடு ஆட்டோ தேடியவர்களுக்குத் தெரியும், திட்டம் வருவது வேறு, அது வேலை செய்வது வேறு.

இவற்றை வைத்து நான் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி முடிவு இல்லை, அடி வாங்கிப் போட்டது. சட்டசபையில் அறிவிப்பு மட்டும் வந்திருந்தால் அந்தச் சாலைக்கு ஒரு ரூபாயும் தரமாட்டேன். விரிவான திட்ட அறிக்கை தயாராகிறது என்றால் பத்து வருடத்துக்கு மேல். கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, நில எடுப்பு அறிவிக்கை பத்திரிகையில் வந்துவிட்டால் ஆறிலிருந்து எட்டு. நிலத்தில் தொண்ணூறு விழுக்காடு கைக்கு வந்து ஒப்பந்தக்காரர் முகாம் போட்டிருந்தால் நாலு. பாலத்தின் மேல் உத்தரம் ஏறிவிட்டால் இரண்டு; அப்போது அந்த விலையில் உங்களுக்கு மனை கிடைக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டி வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். நடுவில் போன நாலு வருடமும் பங்கு யாருடையது என்ற பேச்சு. ரோட்டோரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: நிலையம் வந்தால் வியாபாரம் பெருகும், சரி, வரும்வரை வாசலில் தகரத் தடுப்பு நிற்கும். ஆற்காடு சாலையில் வண்டி நிறுத்த இடமில்லாமல் வாடிக்கையாளரை இழந்த கடைக்காரர்களுக்கு நிலையம் திறக்கும் நாள் முக்கியமில்லை, அதுவரை வாடகை கட்ட முடியுமா என்பதே முக்கியம். வாடகை ஒப்பந்தம் போடுகிறவர்கள் இதை ஒரு ஷரத்தாகவே எழுதிக்கொள்ளலாம்.

அரை கிரவுண்ட் கணக்கு

இனி ஒரு மனையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அரை கிரவுண்ட், 1,200 சதுர அடி.

முதலில், சாலைப் பேச்சே இல்லாத பக்கத்து ஊரில் இன்று என்ன விலை? 2,000 ரூபாய் என்று வைப்போம். இரண்டாவது, இதே மாதிரிச் சாலை ஏற்கெனவே வந்துவிட்ட ஊரில் இன்று என்ன விலை? 5,000. மூன்றாவது, இவர் கேட்பது? 3,000. அதாவது சதுர அடிக்கு 1,000 ரூபாய், இன்னும் போடாத சாலைக்கு நீங்கள் கட்டும் முன்பணம். மொத்தம் 36 லட்சம்.

வங்கிக் கடன் வட்டி 9 விழுக்காடு. எட்டு வருடத்தில் அந்தப் பணம் இரட்டிப்பாகும். உங்கள் அடக்கம் 72 லட்சத்தை ஒட்டி நிற்கும். சாலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலம் பொதுவாக வருடம் 5 விழுக்காடு ஏறும் என்று தாராளமாக வைப்போம். எட்டாம் வருடத்துக்குள் சாலை வந்துவிட்டால் மனை சுமார் 88 லட்சத்துச் சொச்சம். லாபம் 17 லட்சம். வரவில்லை என்றால் மனை 35 லட்சத்துச் சொச்சம். நஷ்டம் 36 லட்சம்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெயித்தால் பதினேழு, தோற்றால் முப்பத்தாறு. இந்தச் சூதாட்டம் சரிசமம் ஆக வேண்டுமானால், எட்டு வருடத்துக்குள் சாலை வரும் என்பதற்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்க வேண்டும். மேலே சொன்ன ஊர்க் கல்யாணங்களை நினைத்துக்கொண்டு அந்த வாய்ப்பை நீங்களே மதிப்பிடுங்கள்.

இப்போது அதே மனையைப் பேரம் பேசி 2,400-க்கு வாங்குகிறீர்கள். எட்டாம் வருடம் சாலை வந்தால் லாபம் 31 லட்சம், வராவிட்டால் நஷ்டம் 22 லட்சம். ஐந்தில் இரண்டுக்குக் கொஞ்சம் மேல் வாய்ப்பு இருந்தாலே கட்டுபடியாகும். சாலை எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. வாங்கும் விலை மட்டும் கொஞ்சம் உங்கள் கையில். பதிவுச் செலவையும் புரோக்கர் கமிஷனையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் இறங்கிப் பேச வேண்டியிருக்கும்.

எட்டு வருடம் என்று ஏன் எடுத்தேன்? என்னிடம் இந்தக் கணக்கைக் கேட்டு வந்தவரின் மகள் அப்போது நாலாம் வகுப்பு. அவருக்குப் பணம் வேண்டிய வருடம் அது. சாலைக்கு ஒரு வருடம் போடுவதற்கு முன் உங்களுக்குப் பணம் வேண்டிய வருடத்தைத் தாளில் எழுதுங்கள். பலருக்கு இந்த இரண்டும் ஒரே தாளில் வருவதே இல்லை.

கிட்டே இருந்தால் நல்லதா?

சாலைக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது என்பது பஸ் போகும் சாலைக்குப் பொருந்தும். ஏறி இறங்கும் இடம் குறித்துவைத்த விரைவுச் சாலைக்குப் பொருந்தாது. இரண்டு பக்கமும் வேலி. உங்கள் மனையிலிருந்து லாரி போவது தெரியும், சத்தம் கேட்கும், ஏறுவதற்கு மட்டும் பத்து கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஆகவே சாலையின் தூரத்தை அளக்காதீர்கள், அதில் ஏறும் இடத்தின் தூரத்தை அளந்து பாருங்கள்.

ரொம்பக் கிட்டே போனால் சாலையே உங்கள் மேல் ஏறிவிடும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ என்ற அறிவிப்பு நிலம் எடுக்க உத்தேசம் என்று சொல்வது. அது தமிழ்ப் பத்திரிகையிலும் சர்வே எண்ணோடு வரும். 3டி வந்துவிட்டால் நிலம் ஒன்றிய அரசுக்குப் போய்ச் சேர்ந்தது. பரந்தூர் விமான நிலையம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது பதிமூன்று கிராமங்கள் அதில் வந்தன. ஏகனாபுரத்து மக்கள் அன்றிலிருந்து போராட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பரம்பரையாக உழுதவர்கள், முதலீட்டுக்கு வாங்கியவர்கள் இல்லை. அந்த இழப்பை இந்த நூலின் கணக்குக்குள் அடக்க எனக்கு மனமில்லை. ஆனால் முதலீட்டுக்கு வாங்குகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பைக் கணக்கிடும்போது பார்ப்பது வழிகாட்டி மதிப்பையும் முந்தைய மூன்று வருடத்தில் பதிவான பத்திரங்களையும். அதன் மேல் அதே அளவுக்கு ஆறுதல் தொகை உண்டு. நீங்கள் 3,000 கொடுத்து, முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் 800 என்று எழுதியிருந்தால், பக்கத்து மனைக்காரர்களும் அப்படியே செய்திருந்தால், பேச்சு 800-லிருந்துதான் தொடங்கும். கறுப்பில் கொடுத்த 2,200 யாருக்கும் தெரியாது.

தண்ணீர் முதலில் வரும்

வரைபடத்தில் சிவப்புக் கோடு போடுகிறவர்கள் நீலக் கோடு போடுவதில்லை. அந்தப் படப்பை மனைப்பிரிவில் நான் கையில் கிராம வரைபடமும் புலப்படமும் கொண்டுபோயிருந்தேன். புலப்படத்தில் இரண்டு சர்வே எண்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஒடிந்து ஒடிந்து போகிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் அதே இடத்தில் நேரான தார்ச் சாலை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஏரிக் கரை தெரிந்தது. கரையோரமாகவே நடந்து கலங்கல் எங்கே என்று தேடினேன். கலங்கல் என்றால் ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிகிற இடம். அது சரியாகப் பூங்கா என்று பச்சை அடித்திருந்த மூலையைப் பார்த்தபடி இருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மழைக்காலத்தில் இங்கே எப்படி என்று கேட்டேன். கையிலிருந்த கோலை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் காட்டினார். "முன்னெல்லாம் அந்தாண்ட ஓடிடும் தம்பி. மெயின் ரோட்டை ஒசத்தினாங்க பாரு, அதிலேர்ந்து இந்தாண்டயே நிக்குது." வாங்குவதற்கு முன் இந்தக் கேள்வியை மனைப்பிரிவு அலுவலகத்தில் கேட்காதீர்கள். ஆடு, மாடு மேய்ப்பவரிடம், பழைய தெருவில் திண்ணை வைத்த வீட்டில், டீக்கடையில் கேளுங்கள். "எது வரைக்கும் வந்தது?" என்று கேட்டால் கையால் சுவரைக் காட்டுவார்கள். "வந்ததா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஊர் மானம்.

அந்தப் பெரியவர் சொன்ன சாலை விஷயம் முக்கியமானது. தரையைவிட ஐந்தடி உயர்த்திப் போட்ட சாலை ஒரு கரை. அடியில் போதுமான சிறுபாலங்கள் இல்லையென்றால், அல்லது இருந்தும் மறுபக்கம் மண் கொட்டி அடைத்துவிட்டால், நீர் வழக்கமான வழியை விட்டு உங்கள் பக்கம் தங்கும். புதுச் சாலை வருகிறது என்று சந்தோஷப்படும்போதே அது எந்த மட்டத்தில் வருகிறது, எத்தனை இடத்தில் தண்ணீருக்கு வழி விடுகிறது என்று பாருங்கள். ரோடு உயர உயர வீடு பள்ளமாகும். சைதாப்பேட்டை, மாம்பலம் பழைய தெருக்களில் வீட்டுக்குள் இறங்கிப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முடிச்சூரும் வரதராஜபுரமும் வெளிவட்டச் சாலையின் தென்முனைக்குப் பக்கம். 2014-ல் அந்தப் பகுதிச் சாலை திறந்தது. வாங்கியவர்களின் கணிப்பு ஜெயித்தது, சாலை வந்துவிட்டது. அடுத்த வருடம் 2015 டிசம்பர் 1-ம் தேதி அடையாற்று வெள்ளத்தில் மாடியிலிருந்து படகில் இறங்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மறுபடி தண்ணீர். ஆதனூர் ஏரிப் பக்கத்திலிருந்து அடையாறு புறப்பட்டு வரும் வழி அது. ஆற்றின் மாஸ்டர் பிளான் ஊரின் முதல் மாஸ்டர் பிளானுக்கும் முந்தியது.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஏ-பதிவேட்டில் சர்வே எண்ணின் வகை: ஏரி உள்வாய், வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு என்று உங்கள் எண்ணுக்கோ ஒட்டிய எண்ணுக்கோ இருந்தால் அங்கேயே நில்லுங்கள். மாஸ்டர் பிளானில் செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்பு, கடலோர நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி என்று தனித்தனியாகக் கட்டுப்பாடுகள் உண்டு. ஊர்ப் பெயரையும் அலட்சியம் செய்யாதீர்கள். தாங்கல் என்றால் நீர் தங்கும் இடம். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று பெயர் வைத்தவர்கள் கவிதைக்காக வைக்கவில்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில், தியாகராய நகர் எழுந்தது மாம்பலம் நெடிய ஏரியில். ஏரியைத் தூர்த்தும் பெரிய பணம் சம்பாதிக்கலாம் என்பதற்கு தி.நகரே சாட்சி என்று ஒரு நண்பர் வாதாடுவார். நூறு வருடம் முன்பு சுற்றிலும் தண்ணீர் போக வேறு இடம் இருந்தது.

சட்டத்தின் கோடும் பின்னால் வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, 1,248 ஹெக்டேர் அளவில். 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அதைச் சுற்றிப் பாதிப்பு மண்டலம் வரையறுக்கப்படும்வரை ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாகக் கட்டட அனுமதி தர வேண்டாம் என்றது. பட்டா சரி, பத்திரம் சரி, மனைப்பிரிவு அனுமதியும் சரி என்று வைத்திருந்தவர்கள் அன்று வீட்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நீர்நிலைக்குப் பக்கம் வாங்குகிறவர் இன்றைய எல்லையைப் பார்த்தால் போதாது, நாளைக்கு அது எவ்வளவு விரியலாம் என்றும் ஒரு கிலோமீட்டர் தள்ளி யோசிக்க வேண்டும்.

அனுமதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். அனுமதியில்லா மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வருடம் அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைக்குத்தான் வரன்முறைச் சலுகை. "பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்று இன்று யாராவது சொன்னால், எந்தத் தேதி மனை என்று மட்டும் கேளுங்கள்.

ராத்திரி எட்டு மணி

ஓர் ஊர் நிஜமாகவே வளர்கிறதா, விற்பனை மட்டும் நடக்கிறதா என்று பார்க்க நான் செய்வது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை போகாதீர்கள். அன்று வருகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போல மனை பார்க்க வந்தவர்கள். செவ்வாய், புதன் ராத்திரி எட்டு மணிக்குப் போங்கள். பக்கத்தில் ஐந்து, ஆறு வருடத்துக்கு முன் விற்று முடிந்த மனைப்பிரிவு எது என்று கேட்டு, அதற்குள் நடந்து, விளக்கு எரிகிற வீடுகளை எண்ணுங்கள். இருநூறு மனையில் பன்னிரண்டு விளக்கு என்றால், மற்றதெல்லாம் உங்களுக்கு முன்னால் காத்திருக்கிறவர்கள். நீங்கள் விற்கும் நாளில் அவர்களும் விற்பார்கள். மருந்துக் கடை இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தண்ணீர் லாரியா குழாயா, மறுநாள் காலை ஏழரைக்குப் பள்ளி வேன் எத்தனை நிற்கிறது என்று பாருங்கள். வாடகைக்கு ஆள் வந்து குடியேறும் ஊர் வளரும் ஊர். வாடகைக்காரருக்கு விளம்பரம் தேவையில்லை, பஸ் தேவை.

வாங்கிவிட்டீர்கள் என்றால் வேலை முடிந்ததாக நினைத்துப் பத்திரத்தை லாக்கரில் போட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு மாலை போதும். மானியக் கோரிக்கையின்போது நெடுஞ்சாலைத் துறையும் வீட்டுவசதித் துறையும் சட்டசபையில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். தமிழிலேயே கிடைக்கும், காசில்லை. அதில் உங்கள் சாலையைப் பற்றிய பத்தியைத் தேடி, போன வருடக் குறிப்பில் அதே பத்தியையும் எடுத்து இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். இத்தனை ஹெக்டேர் எடுத்தாயிற்று, இத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்று எண் மாறியிருந்தால் திட்டம் நகர்கிறது. 'நில எடுப்புப் பணிகள் நடைபெற்று வருகின்றன' என்ற வாக்கியம் ஒரு புள்ளி மாறாமல் அப்படியே இருந்தால், உங்கள் தாளில் போட்ட வருடத்தோடு இரண்டைக் கூட்டுங்கள். மூன்றாவது வருடமும் அதே வாக்கியம் என்றால், கேட்டு வருகிற ஆள் இருக்கும்போதே விலை பேசிவிடுங்கள்.